எந்த வடிவம், எந்த மாதம்? பிறவியிலேயே மாறி அமைந்த கருப்பையும் கர்ப்பகாலச் சிக்கல்களும்

“உங்களுக்குக் கருப்பையின் அமைப்பே பிறவியில் கொஞ்சம் மாறியிருக்கிறது” என்று மருத்துவர் சொன்னதும், எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அதன்பிறகு சொல்லப்படும் எதுவும் காதில் ஏறுவதில்லை. இனி குழந்தையே பிறக்காதோ என்ற எண்ணம் மனதை அடைத்துக்கொள்கிறது. உண்மையில் அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது ஐந்தாறு விதமான கருப்பைகள் இருக்கின்றன. ஒன்றில் கரு பத்துப் பன்னிரண்டு வாரங்களைத் தாண்டுவதே பெரும்பாடு. இன்னொன்றில் ஆறு மாதம்வரை எந்தத் தொல்லையும் தெரியாது, ஏழாம் மாதத்தில் திடீரென வலி எடுத்துவிடும். வேறொன்றில் கரு தங்கிய இடமே தாயின் உயிருக்கு உலை வைக்கும். பிரசவம்வரை ஒன்றுமே நடக்காமல் போகிற கருப்பையும் உண்டு. எது என்று பிரித்துச் சொல்லாமல், ‘கருப்பையில் கோளாறு’ என்று மட்டும் சொல்லி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது, நோயின் பெயரைச் சொல்லாமல் அனுப்புவதற்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன்.

இது ஏதோ லட்சத்தில் ஒருவருக்கு நேர்வதும் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான மதிப்பீட்டின்படி, பொதுவாகப் பெண்களில் 5.5 சதவீதம் பேருக்குக் கருப்பை அமைப்பில் ஏதாவது ஒரு பிறவி மாற்றம் இருக்கிறது. கருச்சிதைவு நேர்ந்த பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 13 சதவீதத்தைத் தாண்டுகிறது. கருச்சிதைவோடு குழந்தையின்மையும் சேர்ந்திருப்பவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு இருக்கிறது. அந்த 5.5 சதவீதத்தில் பெரும்பகுதி, கருப்பையின் உச்சி உட்புறம் லேசாக வளைந்திருக்கும் ‘ஆர்க்குவேட்’ வகை. அதை இன்று பெரும்பாலான நிபுணர்கள் கோளாறு என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஸ்கேன் அறிக்கையில் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் தூக்கத்தைத் தொலைக்கும் பெண்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு குழாய்கள் ஒன்றாகும் இடம்

கருப்பை என்பது தொடக்கத்தில் ஒற்றை உறுப்பாக உருவாவதில்லை. தாயின் வயிற்றில் பெண் சிசு ஆறு வார அளவில் இருக்கும்போது, உடலின் இரு பக்கமும் ஒவ்வொரு குழாய் கீழ்நோக்கி வளரத் தொடங்குகிறது. 1830-இல் இவற்றை விவரித்த ஜெர்மன் அறிஞர் யோஹானஸ் முல்லரின் பெயரால் இவை முல்லேரியன் குழாய்கள் எனப்படுகின்றன. இரண்டும் நடுக்கோட்டுக்கு வந்து, கீழ்ப்பகுதியில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் இரண்டின் சுவர்களும் சேர்ந்து ஒரு தடுப்பாக நிற்கும். ஏறத்தாழ ஐந்தாம் மாதத்துக்குள் அந்தத் தடுப்பு மெல்லக் கரைந்து, உள்ளே ஒரே அறை உண்டாகிறது. அதுவே கருப்பை. ஒட்டாமல் மேலே பிரிந்து நிற்கும் பகுதிகள் இரண்டு கருக்குழாய்கள் ஆகின்றன.

இந்த வேலை மூன்று இடங்களில் தடைப்படலாம். ஒரு குழாய் வளராமலே போனால் பாதிக் கருப்பைதான் கிடைக்கும்: யூனிகார்னுவேட், அதாவது ஒற்றைக் கொம்புக் கருப்பை. மறுபக்கத்தில் சில நேரம் வளர்ச்சி குன்றிய ஒரு சிறு கொம்பு மட்டும் எஞ்சியிருக்கும். இரண்டு குழாய்களும் வளர்ந்து, ஒட்டுவது மட்டும் நடக்காவிட்டால் தனித்தனியாக இரண்டு கருப்பைகள், இரண்டு கருப்பை வாய்கள்: டைடெல்பிஸ். பாதி ஒட்டி, மேல்பகுதி மட்டும் பிரிந்து நின்றால் இதய வடிவில் இருக்கும் பைகார்னுவேட். ஒட்டுவதெல்லாம் முறையாக நடந்து, நடுத்தடுப்பு கரையாமல் நின்றுவிட்டால் அது செப்டேட் கருப்பை. வெளியிலிருந்து பார்த்தால் இது சாதாரணக் கருப்பைபோலவே இருக்கும், உள்ளே மட்டும் சுவர். இரண்டு குழாய்களும் சரியாக வளராமல் கருப்பையே இல்லாமல் பிறக்கும் பெண்களும் இருக்கிறார்கள், ஏறத்தாழ 4,500 முதல் 5,000 பேருக்கு ஒருவர்.

சினைப்பைகள் வேறு திசுவிலிருந்து உருவாகின்றன. அதனால் ஹார்மோன்களும் பருவ வளர்ச்சியும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கருப்பை இருப்பவர்களுக்கு மாதவிடாயும் வந்துகொண்டிருக்கும். முதல் கருச்சிதைவோ முதல் குறைப்பிரசவமோ நேரும்வரை, பல பெண்களுக்குத் தங்கள் கருப்பை வேறு மாதிரி இருப்பது தெரியாமலே போவதற்குக் காரணம் இதுதான். ஆனால் சிறுநீரகம் உருவாகும் பாதை முல்லேரியன் குழாய்களுக்கு மிக அருகில், அவற்றோடு கைகோத்தபடி செல்கிறது. ஒரு பக்கம் கருப்பை வளரவில்லை என்றால் அதே பக்கத்துச் சிறுநீரகமும் இல்லாமல் இருக்கலாம். ஒற்றைக் கொம்புக் கருப்பை உள்ளவர்களில் ஐந்தில் இருவர் அளவுக்குச் சிறுநீரக அமைப்பிலும் மாற்றம் காணப்படுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிவதில்லை, குரோமோசோம் பரிசோதனையும் இயல்பாகவே வரும். மருந்தால் விளைந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு வரலாறு உண்டு. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி 1940-களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோன், அப்போது வயிற்றிலிருந்த பெண் குழந்தைகளின் கருப்பையை ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் குறுக்கிவிட்டது. 1971-இல் அமெரிக்க அரசு அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. அந்த மகள்கள் வளர்ந்து கருவுற்றபோது கருச்சிதைவும் குறைப்பிரசவமும் அவர்களைத் துரத்தின.

இத்தனையும் ஒரு பெண் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அவள் தூக்கிய கனத்துக்கோ, ஏறிய படிக்கோ, சாப்பிட்ட எதற்குமோ இதில் பங்கில்லை. கரு கலையும் ஒவ்வொரு முறையும் ‘நீ என்ன செய்தாய்’ என்று கேட்கும் வாய்கள் இன்னும் ஓயவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாதங்களின் வரிசையில் ஆபத்து

முதல் மூன்று மாதங்களில் அதிகம் பாதிப்பது செப்டேட் கருப்பை. 2011-இலேயே வெளியான இன்னொரு தொகுப்பாய்வில், இந்த வகையினருக்கு முதல் மூன்று மாதக் கருச்சிதைவு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. நடுச்சுவரில் ரத்த ஓட்டம் குறைவு, அது வெறும் நார்த்திசு, அதன்மேல் பதியும் கரு பசியால் வாடிவிடுகிறது என்பதுதான் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த விளக்கம். பின்னாளில் அந்தச் சுவரை எடுத்துச் சோதித்தவர்கள், அதில் தசையும் ரத்தக்குழாய்களும் இருப்பதைக் கண்டார்கள். சுவரை மூடியிருக்கும் உட்சவ்வு ஹார்மோன்களுக்குச் சரியாகப் பதிலளிப்பதில்லை என்பது இன்னொரு கருத்து. விவாதம் முடியவில்லை. இந்த முடியாத விவாதம் அறுவை சிகிச்சை பற்றிய முடிவையும் பாதிக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

நான்காம், ஐந்தாம் மாதங்களில்தான் இந்தப் பட்டியலிலேயே மிகக் கொடிய ஆபத்து வருகிறது. ஒற்றைக் கொம்புக் கருப்பையின் மறுபக்கம் இருக்கும் அந்த வளர்ச்சி குன்றிய கொம்பில் கரு தங்கிவிடுவது. மிக அபூர்வம்: ஏறத்தாழ 76,000 முதல் 1,50,000 கர்ப்பங்களுக்கு ஒன்று. அந்தக் கொம்பு பல நேரங்களில் முதன்மைக் கருப்பையோடு தொடர்பே இல்லாமல் மூடியிருக்கும். அப்படியிருந்தும் கரு எப்படி அங்கே போகிறது? விந்தணு நல்ல பக்கத்துக் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் வந்து, குறுக்கே கடந்து, மறுபக்கத்துக் குழாய்க்குள் நுழைகிறது. கருக்குழாயில் தங்கும் கரு சில வாரங்களிலேயே வலியையும் ரத்தப்போக்கையும் காட்டிக்கொடுத்துவிடும். கொம்பில் தங்கும் கருவோ, அங்கே கொஞ்சம் தசை இருப்பதால் மூன்று மாதம் தாண்டியும் வளர்கிறது. பிறகு அந்த மெல்லிய சுவர் தாங்காமல் கிழிந்து, வயிறு முழுக்க ரத்தம் கொட்டுகிறது. முதல் ஸ்கேனில் ‘கருப்பைக்குள் நல்ல கரு’ என்று எழுதப்பட்டுவிட்டால், பிறகு யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. கருக்கலைப்புக்கோ வலி வரவைக்கவோ கொடுத்த மருந்து எத்தனை முறை கொடுத்தும் வேலை செய்யவில்லை என்றால், ‘கரு இருப்பது கருப்பைக்குள்தானா?’ என்று மருத்துவர் நின்று யோசிக்க வேண்டும். பிரசவ வழியோடு தொடர்பில்லாத அறையிலிருந்து கரு வெளியே வர முடியாது. உட்சவ்வு உள்ள இப்படியொரு கொம்பு கர்ப்பத்துக்கு முன்பே தெரியவந்தால், அதையும் அதன் கருக்குழாயையும் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியால் செய்யும் அறுவை மூலம் எடுத்துவிடும்படி சொல்வது வழக்கம். இந்தப் பட்டியலில், முன்கூட்டியே செய்யும் அறுவையின் பயன் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

அதே நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை கவனிக்க வேண்டியது கருப்பை வாய். கருப்பையின் வடிவம் மாறியிருப்பவர்களில் சிலருக்கு, வலியே இல்லாமல் வாய் சுருங்கித் திறந்துகொள்கிறது. ஐந்தாம் மாதத்தில் பனிக்குடம் பிதுங்கி வெளியே தெரியும்போதுதான் விஷயமே புரியும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் 24 வாரங்களுக்குள் வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால், குறைப்பிரசவ அபாயம் கூடிவிட்டது என்று பொருள். புராஜெஸ்டிரான் மருந்தோ, வாய்க்குத் தையல் போடுவதோ அப்போது பேச்சுக்கு வரும். ‘பைகார்னுவேட்’ என்ற பெயரைப் பார்த்த உடனே எல்லோருக்கும் தையல் போடுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை. முந்தைய பிரசவ வரலாற்றையும் வாயின் நீளத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

ஏழாம் மாதத்திலிருந்து குறைப்பிரசவம்தான் பெரிய கவலை. ஒற்றைக் கொம்புக் கருப்பையிலும் இரட்டைக் கருப்பையிலும் 37 வாரம் முடியும் முன்பே பிரசவமாகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு. பைகார்னுவேட்டிலும் செப்டேட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல். ‘இடம் போதவில்லை’ என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். கருப்பை எந்த வடிவில் இருந்தாலும் விரியும் உறுப்பு. ஆனால் ஒற்றைக் கொம்பில் தசையின் அளவே குறைவு, ரத்தம் கொண்டுவரும் அமைப்பும் ஒரு பக்கத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. அதனால் நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் குழந்தையின் எடை குன்றுவதும் நடக்கிறது. பனிக்குடம் முன்கூட்டியே உடைவதும், நஞ்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே கருப்பைச் சுவரிலிருந்து விலகி ரத்தப்போக்கு உண்டாவதும் இந்தப் பெண்களில் கூடுதலாகக் காணப்படுகின்றன.

குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் போவது, அநேகமாக எல்லா வகைகளுக்கும் பொதுவான சிக்கல். நடுவில் சுவரோ கொம்போ நிற்கும்போது குழந்தைக்குப் புரண்டு திரும்ப வழியில்லை. புட்டமோ காலோ கீழே இருந்தபடியே மாதம் நிறைந்துவிடுகிறது. வயிற்றின்மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்பும் முறையை இப்படிப்பட்ட கருப்பையில் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்ப்பார்கள், திரும்பும் வாய்ப்பும் குறைவு. சிசேரியன் எண்ணிக்கை இவர்களிடம் அதிகமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இது. வடிவம் மாறியிருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. தலை கீழே இருந்து, மற்றவை சரியாக இருந்தால் இயல்பான பிரசவத்துக்கு முயலலாம்.

இரட்டைக் கருப்பை உள்ளவர்களில் பலர் ஓரளவு நன்றாகவே பிள்ளை பெறுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் கரு தங்குவது மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2019-இல் வங்கதேசத்தில் ஒரு பெண்ணுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. வயிற்றில் இன்னும் இரண்டு குழந்தைகள் இருப்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. 26 நாள் கழித்து வலியோடு வந்தவரை ஸ்கேன் செய்தபோதுதான், மற்றொரு கருப்பையில் இரட்டையர் இருப்பது தெரிந்து அறுவை செய்து எடுத்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பெண்ணுக்கு இரண்டு கருப்பைகளிலும் இருந்த பெண் குழந்தைகள் அடுத்தடுத்த நாள்களில் பிறந்தன. அவருக்கு இரட்டைக் கருப்பை இருப்பது முன்பே தெரியும், மருத்துவர் குழு தயாராகவே இருந்தது. இந்த இரண்டு பெண்களின் பிரசவங்களும் நல்லபடியாகவே முடிந்தன, ஆனால் ஒன்று தற்செயலால், மற்றொன்று திட்டத்தால்.

வெளிக்கோட்டைப் பார்த்தீர்களா?

செப்டேட், பைகார்னுவேட் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவதே இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கருக்குழாய் அடைப்பைப் பார்க்கச் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: நடுவில் பிளவுபட்ட இரண்டு நிழல்கள். சாயம் உள்ளறையை மட்டுமே காட்டும், கருப்பையின் வெளிப்புறம் அதில் தெரியாது. வேறுபாடோ வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. உச்சி வெளியே வழவழப்பாக இருந்தால் உள்ளே சுவர். உச்சியே 1 சென்டிமீட்டருக்கு மேல் உள்வாங்கி இருந்தால் அது பைகார்னுவேட். இதைக் காட்டுவது முப்பரிமாண ஸ்கேன், அல்லது எம்.ஆர்.ஐ. முன்பு இதற்காகவே லேப்ராஸ்கோப்பி செய்ய வேண்டியிருந்தது. இன்று நல்ல முப்பரிமாண ஸ்கேன் பெரும்பாலும் போதும்.

இவ்வளவு ஏன் வலியுறுத்த வேண்டும் என்றால், செப்டேட்டில் சுவரை, கருப்பை வாய் வழியாக நுழைக்கும் ஹிஸ்டெரோஸ்கோப் கருவியால் உள்ளிருந்தே வெட்டலாம், வயிற்றில் கத்தி படாது. பைகார்னுவேட் என்று தெரியாமல் அதே வேலையைச் செய்தால், கருவி கருப்பையின் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போய்விடக்கூடும். பைகார்னுவேட்டைத் திறந்து இரண்டு பாதிகளையும் தைத்து ஒன்றாக்கும் அறுவையை ஜெர்மன் மருத்துவர் பால் ஸ்ட்ராஸ்மன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து காட்டினார். பயன் போதிய அளவு நிறுவப்படாததாலும், தைத்த தழும்பு அடுத்த கர்ப்பத்தில் கிழியும் அபாயம் இருப்பதாலும் இன்று அதை மிக அரிதாகவே செய்கிறார்கள்.

இனி அந்த முடியாத விவாதம். சுவரை வெட்டினால் குழந்தை நிற்கும் என்பது பல பத்தாண்டுகளாக நிலவிய நம்பிக்கை. வெட்டுவதற்கு முன் இத்தனை கருச்சிதைவு, வெட்டிய பின் இத்தனை பிரசவம் என்று அதே பெண்களை ஒப்பிட்ட ஆய்வுகள்தான் அதற்கு ஆதாரம். அதில் ஓர் ஓட்டை உண்டு: இரண்டு முறை கலைந்த பெண்ணுக்கு, எதுவுமே செய்யாவிட்டாலும் மூன்றாவது முறை நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2021-இல் வெளியான டிரஸ்ட் ஆய்வு 80 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. சுவரை வெட்டியவர்களில் 31 சதவீதம் பேருக்கும், வெட்டாமல் காத்திருந்தவர்களில் 35 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. எண்ணிக்கை சிறியது, ஆள் சேர்க்கவே ஆண்டுகள் பிடித்தன. அதனால் ‘வெட்டவே கூடாது’ என்று இதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. திரும்பத் திரும்பக் கருச்சிதைவு நேர்ந்து, தெளிவான பெரிய சுவரும் இருக்கும் பெண்களுக்கு இன்றும் பல நிபுணர்கள் அறுவையைப் பரிந்துரைக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் ஒருமுறைகூடக் கருவுறாத பெண்ணுக்கு, ஸ்கேனில் சின்னச் சுவர் தெரிந்ததும் ‘முதலில் இதை வெட்டிவிடலாம்’ என்று அவசரப்படுவதை நான் ஏற்கமாட்டேன்.

அந்த ‘சின்னச் சுவர்’ சுவரா இல்லையா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. 1988-இன் அமெரிக்க வகைப்பாடு, 2013-இன் ஐரோப்பிய வகைப்பாடு, 2021-இன் புதிய அமெரிக்க வகைப்பாடு என்று அளவுகோல்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஐரோப்பிய முறையில் உட்புற மேடு கருப்பைச் சுவரின் தடிமனில் பாதியைத் தாண்டினாலே செப்டேட். அமெரிக்க முறையில் அது 1 சென்டிமீட்டரைத் தாண்டி, கூர்மையான கோணத்திலும் இருக்க வேண்டும். ஆக, ஒரே பெண் ஒரு அளவுகோலில் நோயாளி, இன்னொன்றில் நலமானவர். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன், எந்த அளவுகோலின்படி, எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

தெரிந்த பிறகு

வடிவம் தெரிந்துவிட்டால், செய்ய வேண்டியவற்றில் பாதி எளியவை. சிறுநீரகங்களுக்கு ஒரு ஸ்கேன். ஒற்றைச் சிறுநீரகம் என்று தெரிந்தால் கர்ப்பம் முழுக்க ரத்த அழுத்தத்தின்மேல் கண். நான்காம் மாதத்திலிருந்து கருப்பை வாயின் நீளம், ஏழாம் மாதத்திலிருந்து குழந்தையின் எடை. குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையில் பதிவு. 34 வாரங்களுக்குள் பிரசவமாகும் நிலை வந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியை நேரத்துக்குப் போட இந்த முன்னறிவு உதவும். இரண்டு கருப்பை வாய் உள்ளவர்கள் புற்றுநோய்க்கான பரிசோதனையை இரண்டு வாயிலும் செய்துகொள்ள வேண்டும் என்பது பலருக்கும் சொல்லப்படுவதே இல்லை.

சிறுநீரகத்தை ஏன் விடாமல் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பிரசவம் சாட்சி. 2014 செப்டம்பரில் சுவீடனில், மாட்ஸ் பிரன்ஸ்ட்ரோம் தலைமையிலான குழு மாற்றிப் பொருத்திய கருப்பையிலிருந்து உலகிலேயே முதல் குழந்தை பிறந்தது. தாய், கருப்பை இல்லாமல் பிறந்தவர். 61 வயதுத் தோழி ஒருவர் தந்த கருப்பை அது. அந்தக் கர்ப்பம் முழு மாதம் போகவில்லை. 32-ஆம் வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிசேரியன் செய்து 1,775 கிராம் எடையில் குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணுக்கு இருந்தது ஒரே ஒரு சிறுநீரகம். கருப்பை புதிதாக வந்தது, அதை உருவாக்கத் தவறிய பழைய பாதையின் சுவடு அந்த உடலில் அப்படியே இருந்தது.

இத்தனை ஸ்கேன்கள் இருந்தும், பல பெண்களின் கருப்பை வடிவம் முதல்முறை கண்ணில் படுவது சிசேரியன் மேசையில்தான். குழந்தை காலை நீட்டிக்கொண்டு இருந்ததால் அறுவை நடக்கும், கருப்பையைத் தைக்கும்போது அது இதய வடிவில் இருப்பது தெரியும். வெளிக்கோட்டை நேரில் பார்க்கும் வாய்ப்பு அதைவிட வேறெப்போது கிடைக்கும்? அதை அறுவைக் குறிப்பில் ஒரே ஒரு வரியாக எழுதி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டால், இரண்டாவது குழந்தைக்காக அவர் வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போய் நிற்கும்போது நான்காம் மாதத்திலேயே கருப்பை வாயை அளக்கத் தொடங்குவார்கள்.